இராசாதித்த சோழன்

இராசாதித்த சோழன் (இறப்பு: கி.பி. 949) முதலாம் பராந்தக சோழனின் மகனும் சோழப் பேரரசின் பட்டத்து இளவரசனும் ஆவான். தொண்டை நாட்டின் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையை எதிர்த்துப் போரிடுகையில் யானை மீதிருந்தபடியே உயிர்நீத்தான். இதனால் யானை மேல் துஞ்சிய தேவர் என்று அழைக்கப்படுகிறான். தக்கோலத்திற்கு அருகிலுள்ள திருவாலங்காட்டில் 1905 ஆம் ஆண்டு கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் இவனைக் குறிப்பிடும் சான்றுகளுள் முக்கியமானவை.

குலமும் போர் மரபும்

பிற்காலச் சோழர் குலத்தில் அரசுரிமையும் படைத்தொழிலும் பிரிக்க முடியாதவையாக இருந்தன. இவனுடைய பூட்டன் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றினான். பாட்டன் முதலாம் ஆதித்தன் பல்லவன் அபராசிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழ நாட்டுடன் இணைத்தான். தந்தை பராந்தகன் (ஆட்சி: 907-955) மதுரையையும் ஈழத்தையும் வென்றதாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இராசாதித்தனின் தாய் கோக்கிழானடிகள். கண்டராதித்தனும் அரிஞ்சயனும் இவனுடைய தம்பியர்.

திருமுனைப்பாடியில் நிலைப்படை

வடக்கிலிருந்து இராட்டிரகூடர் தாக்கக்கூடும் என்பதால், பராந்தகன் தன் மூத்த மகனைப் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தினான். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருநாவலூர் அப்படையின் இருப்பிடமாக விளங்கியது. அவ்வூர் இராசாதித்தபுரம் எனவும் வழங்கப்பட்டது. இளவரசனின் பரிவாரத்தாரும் மலைநாட்டிலிருந்து (சேர நாடு) வந்த சேவகரும் அங்குள்ள சிவன் கோயிலுக்கு விளக்குகள் எரிக்கக் கொடையளித்ததைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அரசர்களின் மெய்க்கீர்த்திகளில் இடம்பெறாத எளிய வீரர்களைப் பற்றி அறிய இக்கல்வெட்டுகள் உதவுகின்றன.

இவனுடைய படைத்தலைவனான வெள்ளன் குமரன் மலைநாட்டுப் புத்தூரைச் சேர்ந்தவன். இவன் 943 ஆம் ஆண்டு பெண்ணையாற்றங்கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் சிவனுக்குக் கற்றளி எழுப்பினான். வீராணம் ஏரியை இராசாதித்தனின் வீரர்களே வெட்டினர் என்பது செவிவழிச் செய்தி. வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப்பெயராகும்.

தக்கோலப் போர்

பராந்தகன் வாணர்களை வென்று அவர்களுடைய நாட்டைக் கைப்பற்றியிருந்தான். நாடிழந்த வாணர்கள் மூன்றாம் கிருட்டிணனிடம் அடைக்கலம் புகுந்தனர். கிருட்டிணனின் சகோதரியை மணந்த மேலைக் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும் அவன் பக்கம் நின்றான். இருதரப்புப் படைகளும் 949 ஆம் ஆண்டு தக்கோலத்தில் மோதின. திருவூறல் என்று தேவாரத்தில் பாடப்பெற்ற இவ்வூர் தற்போது இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது.

இராசாதித்தன் இறந்த விதம் குறித்து இருதரப்புச் சான்றுகளும் வேறுபடுகின்றன. அவன் கிருட்டிணனின் படையைக் கலங்கச் செய்ததாகவும், யானை மேல் இருந்தபோது மார்பில் அம்பு பாய்ந்து வீர சுவர்க்கம் அடைந்ததாகவும் ஆனைமங்கலச் செப்பேடுகள் (லெய்டன் பெரிய செப்பேடுகள்) கூறுகின்றன. கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு (950), பூதுகன் அவனை அம்பாரியிலேயே குத்திக் கொன்றதாகக் கூறுகிறது. அவன் யானை மீது இறந்தான் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

இப்போரின் விளைவாகத் தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் வசமாயிற்று. இராசாதித்தன் முடிசூடாமலே மறைந்ததால் அரசுரிமை கண்டராதித்தனுக்குச் சென்றது. பெரும் வெற்றிகளைப் பெற்ற பராந்தகனின் இறுதி ஆண்டுகள் மகனையும் வடபகுதியையும் இழந்த நிலையில் கழிந்தன.

போருக்குப் பின் வீரர்கள்

வெற்றி பெற்ற தரப்பில் வீரர்களுக்குப் பரிசுகள் கிடைத்தன. கிருட்டிணன், பூதுகனுக்கு வனவாசி 12000, பெள்வொலம் 300 முதலிய நாடுகளை அளித்தான். பூதுகன் தன் வீரன் மணலேரனுக்கு ஆதகூர் உள்ளிட்ட ஊர்களை வழங்கினான். அத்துடன் மணலேரன் கேட்டபடி காளி என்னும் வேட்டை நாயையும் கொடுத்தான். அந்நாய் காட்டுப்பன்றியுடன் சண்டையிட்டு இறந்தபோது அதற்கு நடுகல் நாட்டி, வழிபாட்டிற்கு நிலமும் விடப்பட்டது.

தோற்ற தரப்பில் உயிர் தப்பிய ஒருவரைப் பற்றித் திருவொற்றியூர்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. கேரளத்தில் பிறந்து இராசாதித்தனிடம் பணியாற்றிய அவ்வீரர், போரில் தம் தலைவனுடன் சேர்ந்து இறக்க இயலாமற்போனதற்கு வருந்தி உலகைத் துறந்தார். கங்கையில் நீராடித் திருவொற்றியூரை அடைந்து நிரஞ்சன குருவிடம் துறவு பூண்டார். சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் அங்குள்ள மடத்தின் தலைவரானார். பின்னர் 100 நிட்கம் பொன்னை நரசிங்கமங்கலத்துச் சபையிடம் முதலாகக் கொடுத்து, அதன் வட்டியிலிருந்து கோயில் வழிபாடு நடைபெற வழிசெய்தார். இவரும் வெள்ளன் குமரனும் ஒருவரே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

போரில் இறந்தவரின் குடும்பத்திற்கு நிலம் அளிக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. அந்நிலம் உதிரப்பட்டி எனப்பட்டது.

நினைவு

முதலாம் இராசேந்திரன் தன் 6 ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு வழங்கியதைப் பதிவு செய்யும் 31 ஏடுகளைக் கொண்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், சோழர் வரிசையில் முடிசூடாத இராசாதித்தனையும் நினைவுகூர்கின்றன. தக்கோலத்திலுள்ள மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் மண்டலப் பயிற்சி மையத்திற்கு 2025 ஆம் ஆண்டு இராசாதித்த சோழனின் பெயர் சூட்டப்பட்டது.