ஆக்டேவியா ஹில் அம்மையார்

கடுங்குளிரை அறியாத நாட்டிற் பிறந்த நமக்கு, ஏழைகள் தாம் குடியிருக்கும் வீட்டுப் படிக்கட்டின் கைப்பிடியையே விறகாக எரித்தனர் என்பது வியப்பாகத் தோன்றும். ஆயினும் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் இது நிகழ்ந்தது. அத்தகைய வீடுகளைத் திருத்தியமைத்த ஆக்டேவியா ஹில் அம்மையாரின் வரலாற்றைச் சுருங்கக் கூற முற்பட்டோம்.

அம்மையார் 1838-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் விஸ்பெக் என்னும் ஊரிற் பிறந்தார். தானிய வணிகரான தந்தையார் விரைவிலேயே பொருளிழந்து நொடித்தார். தாயாரும், ஏழைகளின் சுகாதாரத்திற்காக உழைத்த மருத்துவரான பாட்டனார் சவுத்வுட் ஸ்மித்தும் அவரைப் பேணினர். பதினான்கு வயதளவில், பொம்மை செய்து பிழைக்கும் ஏழைச் சிறுமியரை மேற்பார்க்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. அவர்தம் இல்லங்களின் இழிநிலை அவ்விளம் உள்ளத்திற் பதிந்தது.

1865-ஆம் ஆண்டில், பேரறிஞர் ஜான் ரஸ்கின் மேரிலிபோன் பகுதியில் மூன்று வீடுகளின் குத்தகையை 750 பவுனுக்குப் பெற்று அம்மையாரிடம் ஒப்புவித்தார். இட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஊதியம் கிடைத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மையார் முதன்முதற் பொறுப்பேற்ற வீடுகளிற் சுவர்ப்பூச்சு உதிர்ந்தது, கூரை ஒழுகிற்று, கணப்பு அடுப்புக்கள் ஓட்டை விழுந்து சரிந்து கிடந்தன. அவற்றை இடித்துத் தள்ளாமல், குடியிருந்தோரை வைத்துக்கொண்டே செப்பனிட்டார். வாரந்தோறும் தாமே சென்று வாடகை வாங்கினார். வீட்டின் பழுதுபார்ப்பிற்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, அதில் எஞ்சியதை எந்த வசதிக்குச் செலவிடலாம் என்பதைக் குடியிருப்போரே முடிவுசெய்யுமாறு விடுத்தார். பொருளைப் பேணினால் பயன் தமக்கே என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். வேலையற்ற காலத்தில் அச்செப்பனிடும் பணியையே அவர்களுக்குக் கூலிவேலையாக அளித்தார்.

அம்மையாரிடம் குறையே இல்லை என நாம் கூறோம். வாடகை செலுத்தத் தவறியோரை வெளியேற்றத் தயங்கிலர். நகராட்சியே வீடு கட்டித் தருவதையும் அவர் ஏற்றிலர். எனினும் அவர்தம் பணி பெருகிற்று. 1884-இல் திருச்சபைச் சொத்து ஆணையத்தாரும் தென் இலண்டனிலுள்ள தம் வீடுகளை மேற்பார்க்குமாறு அவரை வேண்டினர். அழகிய நிலங்களையும் பழங்கட்டிடங்களையும் காக்கும் தேசிய அறக்கட்டளையை 1895-இல் நிறுவிய மூவருள் அவரும் ஒருவர். 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பசுங்குடில் வாயுக்களின் நிகர வெளியேற்றத்தை 2050-ஆம் ஆண்டிற்குள் அறவே ஒழித்தல் வேண்டுமென 2019-இல் பிரிட்டன் சட்டம் வகுத்தது. ஆதலின் குறைந்த வாடகைக்கு விடப்படும் பொது வீடுகளின் சுவரையும் கூரையையும் வெப்பம் கசியாதவாறு போர்த்துகின்றனர். எரிவாயுக் கொதிகலனுக்கு மாற்றாக, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தின் துணையால் வீட்டினுட் செலுத்தும் பொறிகளைப் பொருத்துகின்றனர். பொறி புதிதெனினும் வினா பழையதே. செப்பனிட்ட பின்னர் அவ்வேழை அதே வீட்டில், அவனால் இயன்ற செலவில், குளிரின்றி வாழ்வானா? எவ்வசதி முதலில் வேண்டும் என அவனைக் கேட்டனரா? வீட்டைத் திருத்துவோர், அதில் வாழ்வோரைக் கேளாது திருத்துதல் கூடாது என்பதே அம்மையாரின் வாழ்க்கையால் நாம் அறியத்தக்கது.