புனித மரிய பவுஸ்தீனா கோவால்ஸ்கா

புனித மரிய பவுஸ்தீனா கோவால்ஸ்கா (ஆகஸ்ட் 25, 1905 – அக்டோபர் 5, 1938) போலந்து நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்க அருட்சகோதரியும் இறைக்காட்சி பெற்றவராகப் போற்றப்படுபவரும் ஆவார். இறை இரக்க பக்தி உலகெங்கும் பரவ இவருடைய நாட்குறிப்பு அடிப்படையாக அமைந்தது.

வாழ்க்கை

ஹெலெனா என்னும் இயற்பெயர் கொண்ட இவர், குவோகோவியெட்ஸ் சிற்றூரில் ஏழைக் குடியானவர் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளுள் மூன்றாவதாகப் பிறந்தார். மூன்று ஆண்டுகளே பள்ளிக்குச் சென்றார். பதின்பருவத்திலேயே வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தார். 1925 இல் வார்சாவில் இரக்கத்தின் அன்னை சகோதரிகள் சபையில் சேர்ந்து, சமையல், தோட்டம், வாயிற்காவல் ஆகிய பணிகளை ஆற்றினார்.

காட்சிகள்

1931 பிப்ரவரி 22 அன்று புவோட்ஸ்க் நகரில், நெஞ்சிலிருந்து செந்நிறமும் வெண்ணிறமுமான இரு கதிர்கள் வீசும் இயேசுவைக் கண்டதாகவும், அவ்வுருவை ஓவியமாக்கும்படி பணிக்கப்பட்டதாகவும் இவர் எழுதியுள்ளார். வில்னியுஸ் நகரில் இவருடைய ஆன்ம குருவான மிக்கால் சொபோச்கோ, முதலில் இவரை மனநலப் பரிசோதனைக்கு உட்படுத்தினார். குறை எதுவும் காணப்படவில்லை. பின்னர் அவருடைய தூண்டுதலால் இவர் நாட்குறிப்பு எழுதினார். 1934 இல் எயுகேனியுஷ் கசிமிரோவ்ஸ்கி அவ்வோவியத்தை வரைந்தார். காசநோயால் 33 ஆம் அகவையில் பவுஸ்தீனா கிராக்கோவில் இறந்தார்.

தடையும் வணக்கமும்

1959 இல், இவர் முன்வைத்த வடிவிலான இறை இரக்கப் படங்களையும் எழுத்துகளையும் பரப்ப வத்திக்கான் தடை விதித்தது. நாட்குறிப்பின் பிழையான மொழிபெயர்ப்புகள் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றன. கிராக்கோவ் பேராயர் கரோல் வொய்த்திவா 1965 இல் இவரது வாழ்வு குறித்த விசாரணையைத் தொடங்கினார். 1978 ஏப்ரலில் தடை நீக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வொய்த்திவா திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலானார். அவரே பவுஸ்தீனாவுக்கு 1993 இல் அருளாளர் பட்டமும், 2000 ஏப்ரல் 30 அன்று புனிதர் பட்டமும் வழங்கினார். உயிர்ப்புக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு, இறை இரக்க ஞாயிறாகக் கொண்டாடப்படுகிறது. இவரது விழா நாள் அக்டோபர் 5 ஆகும்.