தப்புக் கணக்குப் போட்ட கணித மேதை

பூவா, தலையா விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு சின்னக் கணக்கு. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கணக்கு. ஐரோப்பாவே மெச்சிய ஒரு கணித மேதை, அந்தக் கணக்கில் தவறிவிட்டார். தவறான விடையை அச்சிலும் போட்டுவிட்டார்!

அந்த விடைத்தாள் உங்கள் கைக்கு வந்தால் எத்தனை மார்க் போடுவீர்கள்? முதலில் அவருடைய கதையைக் கேளுங்கள்.

கோவில் படியில் குழந்தை

பாரிஸ் நகரம். 1717-ம் ஆண்டு, நவம்பர் மாதம். குளிர் காலம்.

நோத்ர்தாம் என்ற பெரிய மாதா கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மாதா கோவில் இருந்தது. அதன் படியில் பச்சைக் குழந்தை ஒன்று கிடந்தது. பிறந்த குழந்தையை யாரோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தக் கோவிலின் பெயர் சேன் ழான் லெ ரோன். குழந்தைக்கும் ழான் லெ ரோன் என்றே பெயர் வைத்தார்கள். அவன் பெரியவனான பிறகு டாலம்பேர் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டான். அந்தப் பெயர்தான் உலகத்தில் நிலைத்தது.

குழந்தையின் தாய் ஏழை அல்ல. டென்சின் என்ற சீமாட்டி. பாரிஸ் நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் அவள் மாளிகைக்கு வருவார்கள். தகப்பன் டெட்டூஷ் என்ற பீரங்கிப் படை அதிகாரி. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே தாய் குழந்தையைக் கைவிட்டாள்.

பிரசவ சமயத்தில் டெட்டூஷ் ஊரில் இல்லை. திரும்பி வந்ததும் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்தார். ரூசோ என்ற அம்மாளிடம் வளர்க்கக் கொடுத்தார். அந்த அம்மாளின் கணவர், ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி.

1726-ல் டெட்டூஷ் இறந்தார். தன் பெயரை மகனுக்குக் கொடுக்காவிட்டாலும், ஆண்டுதோறும் 1,200 லிவ்ர் பணம் கிடைக்க ஏற்பாடு செய்திருந்தார். லிவ்ர் என்பது அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாணயம். பையன் படிப்புக்கு அந்தப் பணம் உதவியது.

எது தாய் வீடு?

டாலம்பேர் முதலில் சட்டம் படித்தார். பிறகு சிறிது காலம் வைத்தியம் படித்தார். இரண்டிலும் மனம் செல்லவில்லை. கணக்குதான் அவரை இழுத்தது. அதைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார்.

1741-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 23. பொருள்கள் அசையும் விதம் பற்றி 1743-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1747-ல், வீணைத் தந்தி போல் இழுத்துக் கட்டிய கம்பி எப்படி அதிர்கிறது என்பதற்குக் கணித விதி கண்டார். பிறகு திதரோ என்ற அறிஞருடன் சேர்ந்து, புகழ் பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் ஆனார். அதன் முதல் தொகுதி 1751-ல் வந்தது.

மகன் புகழ் பெற்றதும், பெற்ற தாய் அவரைச் சொந்தம் கொண்டாட வந்தாள் என்று ஒரு கதை உண்டு. கண்ணாடித் தொழிலாளியின் மனைவிதான் தமக்குத் தாய் என்று கூறி, அவர் மறுத்துவிட்டாராம்.

கதை எப்படி இருந்தாலும், அவர் வாழ்ந்த வாழ்க்கை அதைத்தான் சொல்கிறது. 1765 வரை, அதாவது 47 வயது வரை, அவர் அந்த ஏழை வீட்டில்தான் இருந்தார். ரஷ்ய மகாராணி காதரீன், தன் மகனுக்குப் பாடம் சொல்லித் தர அழைத்தாள். பெரும் சம்பளம் தருவதாகச் சொன்னாள். டாலம்பேர் போகவில்லை. பிரஷ்ய மன்னர் பிரெடரிக், பெர்லின் விஞ்ஞானக் கழகத்துக்குத் தலைவர் ஆக்குவதாகச் சொன்னார். அதற்கும் அவர் இணங்கவில்லை.

இனி அந்த நாணயக் கணக்குக்கு வருவோம்.

அந்தத் தவறு

1754-ல் கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி வெளிவந்தது. அதில் பூவா, தலையா பற்றி டாலம்பேர் ஒரு கட்டுரை எழுதினார்.

கேள்வி இதுதான்: ஒரு நாணயத்தை இரண்டு தடவை சுண்டலாம். ஒரு தடவையாவது தலை விழுந்தால் வெற்றி. வெற்றிக்கு வாய்ப்பு எவ்வளவு?

இரண்டு சுண்டலில் நான்கு விதமாக நடக்கலாம். தலை, தலை. தலை, பூ. பூ, தலை. பூ, பூ. இந்த நான்கில் மூன்றில் தலை இருக்கிறது. ஆகவே வாய்ப்பு நான்கில் மூன்று. முக்கால் பங்கு. இதுதான் மற்ற கணித அறிஞர்கள் சொன்ன விடை.

டாலம்பேர் இதை ஒப்பவில்லை. முதல் தடவையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பிறகு இரண்டாவது தடவை ஏன் சுண்ட வேண்டும்? ஆகவே ஆட்டம் மூன்று விதமாகத்தான் முடியும். முதலிலேயே தலை. பூவுக்குப் பின் தலை. இரண்டும் பூ. மூன்றில் இரண்டு வெற்றி. ஆகவே வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதினார்.

படிக்கும்போது நியாயமாகத்தானே தோன்றுகிறது? தவறு எங்கே?

100 பேர் இந்த ஆட்டம் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுண்டலில் ஏறக்குறைய 50 பேருக்குத் தலை விழும். அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். மீதி 50 பேர் மறுபடி சுண்டுவார்கள். அதில் ஏறக்குறைய 25 பேருக்குத் தலை விழும். மீதி 25 பேர் தோற்பார்கள். ஜெயித்தவர்கள் 75 பேர். அதாவது முக்கால் பங்கு!

டாலம்பேர் சொன்ன மூன்று முடிவுகளும் உண்மைதான். ஆனால் மூன்றும் சமம் அல்ல. முதல் முடிவு 50 பேருக்கு வருகிறது. மற்றவை 25 பேருக்குத்தான் வருகின்றன. அவர் மூன்று முடிவுகளையும் எண்ணினார். எடை போட மறந்தார்.

மறுப்பையும் அச்சிட்டார்

ஜெனீவா நகரத்தில் நெக்கர் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். அவர் இந்தத் தவறைச் சுட்டிக்காட்டினார்.

டாலம்பேர் அந்த மறுப்பை மறைக்கவில்லை. 1757-ல் வந்த ஏழாம் தொகுதியில், பந்தயம் பற்றிய கட்டுரையில், நெக்கரின் பெயரைச் சொல்லி அவருடைய வாதத்தை வெளியிட்டார். தம்முடைய கலைக்களஞ்சியத்திலேயே தம்மை மறுக்கும் வாதத்துக்கு இடம் கொடுத்தார்!

ஆனாலும் அவருடைய சந்தேகம் முழுவதும் தீரவில்லை. 1761-ல் வெளியிட்ட நூலிலும் இந்தக் கணக்கை விடாமல் கிளறினார். பூவே தொடர்ந்து பல தடவை விழுந்தால், அடுத்த தடவை தலை விழவே வாய்ப்பு அதிகம் என்று வாதாடினார். இதுவும் தவறு. நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. முன்பு என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. இன்றும் சூதாடிகள் இதே தப்புக் கணக்கைப் போட்டுத்தான் பணத்தை இழக்கிறார்கள்.

அம்மைக் கணக்கு

சந்தேகப்படும் குணம் அவரை எப்போதும் ஏமாற்றவில்லை.

அந்தக் காலத்தில் பெரியம்மை ஊர் ஊராக ஆட்களைக் கொன்றது. ஜென்னரின் அம்மைப்பால் முறை வந்தது 1796-ல்தான். அதற்கு முன்பு வேறு ஒரு முறை இருந்தது. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிது எடுத்து, நல்ல உடம்பில் கீறி வைப்பார்கள். பலருக்கு அம்மை இலேசாக வந்து போய்விடும். ஒரு சிலர் இறந்தும் போவார்கள்.

இதைச் செய்துகொள்ளலாமா, கூடாதா? 1760-ல் டேனியல் பெர்னூலி என்ற அறிஞர் கணக்குப் போட்டார். 200 பேரில் ஒருவர் இறந்தாலும், மக்களின் சராசரி ஆயுள் சுமார் 3 ஆண்டு கூடும் என்றார்.

அதே ஆண்டில் டாலம்பேர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். கிடைக்கும் லாபம் முதுமையில் வருவது. சாவோ சில நாட்களில் வரக்கூடியது. இரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது? பெற்ற பிள்ளையின் கையை நீட்டச் சொல்லும் தாய்க்குச் சராசரிக் கணக்கு மட்டும் போதுமா?

அவர் அம்மை குத்துவதை எதிர்க்கவில்லை, ஆதரித்தார். அதற்குச் சொன்ன கணக்கு போதாது என்றுதான் சொன்னார். இந்தக் கேள்வி அர்த்தமுள்ள கேள்வி. நாணயத்தில் தவறு செய்த அதே மூளைதான் இதையும் கேட்டது.

திருத்தியவர் யார்?

1769-ம் ஆண்டு வாக்கில், லாப்லாஸ் என்ற இளைஞர் டாலம்பேரைத் தேடி வந்தார். கையில் சிபாரிசுக் கடிதம். டாலம்பேர் அதை மதிக்கவில்லை என்று சொல்வார்கள். பிறகு அந்த இளைஞர் இயக்கவியல் பற்றித் தாமே ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அதைப் படித்த டாலம்பேர் வியந்துபோய், பாரிஸ் ராணுவப் பள்ளியில் அவருக்கு ஆசிரியர் வேலை வாங்கிக் கொடுத்தார்.

டாலம்பேரின் கடைசிக் காலம் துயரமானது. அவருடைய அன்புக்கு உரிய ழூலி என்ற பெண்மணி 1776-ல் மறைந்தாள். நோயும் வாட்டியது. 1783 அக்டோபர் 29-ந் தேதி அவர் காலமானார். மதத்தில் நம்பிக்கை இல்லாதவர் என்பதால், பெயர்க்கல் இல்லாத பொதுக் குழியில் அடக்கம் செய்தார்கள். கோவில் படியில் கிடைத்தவருக்குக் கோவில் மண் கிடைக்கவில்லை.

லாப்லாஸ் 1784-ல் பீரங்கிப் படைப் பரீட்சைக்கு அதிகாரி ஆனார். 1785-ல் அவர் பரீட்சித்தவர்களில் 16 வயதுப் பையன் ஒருவன் உண்டு. தேறிய 58 பேரில் அவன் 42-வது. அவன்தான் பின்னால் சக்கரவர்த்தியான நெப்போலியன்!

அதே லாப்லாஸ் 1814-ல் நிகழ்தகவு பற்றி ஒரு நூல் எழுதினார். ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கணக்குக்குத்தான் நிகழ்தகவு என்று பெயர். டாலம்பேரின் மூன்று முடிவுகளையும் அதில் எடுத்துக்காட்டினார். மூன்றும் சமம் என்று கொண்டால் மூன்றில் இரண்டு வரும். ஆனால் முதல் முடிவின் வாய்ப்பு பாதி, மற்ற இரண்டும் கால், கால். ஆகவே விடை முக்கால் என்று விளக்கினார். தமக்கு வாழ்வு கொடுத்தவரின் விடைத்தாளைத் திருத்தினார். பெயருக்காகத் தவறைச் சரி என்று சொல்லவில்லை. தவறு எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டினார்.

எத்தனை மார்க்?

உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை மூன்றில் இரண்டு என்று எழுதலாம். விடையை மட்டும் பார்த்துச் சிவப்பு மையால் கோடு போட்டால், தான் தவறிய இடம் பிள்ளைக்குத் தெரியாமலே போகும்.

5 மார்க் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டதற்கு 1 மார்க். ஆட்டம் முடியும் வழிகளை ஒன்று விடாமல் எழுதியதற்கு 1 மார்க். மூன்றும் சமம் என்றதால் மீதி 3 மார்க் போயிற்று. ஆக, டாலம்பேருக்கு 5-க்கு 2. மேதை என்பதற்காக அரை மார்க் கூடப் போட முடியாது!

பிறகு பிள்ளையிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, 100 ஆட்டம் ஆடி எழுதி வைக்கச் சொல்லுங்கள். வெற்றி 75-க்குப் பக்கத்தில் நிற்கிறதா, 67-க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும். 100 போதவில்லை என்றால் 200 ஆடட்டும்.

தம் தவறைக் காட்டியவரின் பெயரையும் வாதத்தையும் டாலம்பேர் தம் புத்தகத்திலேயே அச்சிட்டாரே, அதற்கு எத்தனை மார்க்? அதற்கு மார்க் போட எந்தப் பரீட்சையிலும் இடம் இல்லை. பெற்றோர்தான் பார்த்துப் போட வேண்டும்.