துரோகி என்று தூற்றப்பட்ட தேசபக்தர்

1895-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி. பிரான்சின் தலைநகரான பாரிசில், ராணுவப் பள்ளி மைதானத்தில் சிப்பாய்கள் அணிவகுத்து நின்றார்கள். நடுவே ஒரு கேப்டன். அவர் சட்டையில் இருந்த பித்தான்களும் பட்டைகளும் பிய்த்து எறியப்பட்டன. அவருடைய வாள் இரண்டாக முறிக்கப்பட்டது.

தாம் குற்றமற்றவர் என்று அவர் கூவினார். வெளியே நின்ற கூட்டமோ, யூதர்கள் ஒழிய வேண்டும் என்று கூச்சலிட்டது.

அந்தக் கேப்டன்தான் ஆல்பிரட் டிரைபஸ்.

பிரான்சே தாய்நாடு

டிரைபஸ் 1859-ல் அல்சேஸ் மாகாணத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1871-ல் போரில் வென்ற ஜெர்மனி அல்சேசை எடுத்துக் கொண்டது. டிரைபஸ் குடும்பத்தார் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்க விரும்பினார்கள். டிரைபஸ் பாரிசில் படித்து, ராணுவத்தில் சேர்ந்தார்.

கிழிந்த கடிதம்

1894-ல் பாரிசில் இருந்த ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக் கூடையில் ஒரு கிழிந்த கடிதம் கிடைத்தது. ராணுவ ரகசியங்களைத் தருவதாக யாரோ எழுதியது. டிரைபசின் கையெழுத்து அதைப் போல இருந்தது. அவர் யூதர் என்பதும் சேர்ந்து கொண்டது. ராணுவ கோர்ட்டு ரகசியமாக விசாரித்து, ஆயுள் தண்டனை விதித்தது. தென் அமெரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள சைத்தான் தீவில் 4 ஆண்டுகளுக்கு மேல் தனிமையில் வாடினார்.

மனைவி லூசியும் அண்ணன் மாத்யூவும் சோர்வின்றிப் போராடினார்கள். கடிதத்தை எழுதியவர் எஸ்டர்ஹேசி என்ற வேறு அதிகாரி என்பதை 1896-ல் உளவுப் பிரிவுத் தலைவர் பிக்கார் கண்டுபிடித்தார். மேலதிகாரிகள் அவரையே ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி விட்டார்கள். எஸ்டர்ஹேசிக்கு விடுதலை!

கடைகள் சூறை

1898 ஜனவரியில் நாவலாசிரியர் எமிலி ஜோலா, இந்த அநீதியைக் கண்டித்து ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார். அவருக்கும் ஓராண்டு சிறைத் தண்டனை.

பிரான்சில் பல ஊர்களில் கலகம் மூண்டது. யூதர்களின் கடைகள் நொறுக்கப்பட்டன. பிரான்சின் வசம் இருந்த அல்ஜீர்ஸ் நகரில் உயிர்களும் பலியாயின. அந்தக் கடைக்காரர்களுக்கும் கிழிந்த கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒருவர் மீது சுமத்திய பொய்ப்பழி, ஒரு சமூகத்தின் தலையிலேயே விடிந்தது.

1899-ல் நடந்த மறு விசாரணையிலும் டிரைபஸ் குற்றவாளி என்றார்கள். பிறகு ஜனாதிபதி மன்னிப்பு அளித்தார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! 1906 ஜூலை 12-ந் தேதிதான் அவர் நிரபராதி என்று உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேஜர் பதவியுடன் மீண்டும் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார்.

மீண்டும் போருக்கு

பகை ஓயவில்லை. 1908-ல் ஜோலாவுக்கு நடந்த நினைவு விழாவில் ஒருவன் டிரைபசைச் சுட்டான். கையில் காயத்துடன் தப்பினார். சுட்டவனைக் கோர்ட்டு விடுதலை செய்தது.

1914-ல் உலகப் போர் மூண்டது. தம்மை அவமதித்த நாட்டுக்காக, 50 வயதைக் கடந்த டிரைபஸ் மீண்டும் ராணுவ உடை அணிந்தார். மகனும் போர்முனைக்குப் போனார்.

டிரைபஸ் 1935-ல் காலமானார். 5 ஆண்டுகளில் ஹிட்லரின் படை பிரான்சைப் பிடித்தது. அவருடைய பேத்தி மேட்லின் 1944-ல் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் மாண்டார். யூதக் குடும்பத்தில் பிறந்ததைத் தவிர அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை.