வன்றொண்டர் கேட்ட வினா

2014ஆம் ஆண்டு ஒற்றோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் பிழைத்தனர்; அவர்களுட் சிலர் பெற்றோரை இழந்தனர். அடுத்த கிழமை எமது சமயபாட வேளையில் ஒரு மாணாக்கன் எழுந்து, தோட்டத்துக் கோயிலில் தவறாது விளக்கேற்றியவர்களை இறைவன் ஏன் காக்கவில்லை என வினவினான். அஃது அபசாரமென மற்றையோர் அவனை அமர்த்த முயன்றனர். யாம் விடை கூறாது, சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றைக் கூறலானோம்.

திருநாவலூரிலே சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகவாகத் தோன்றிய நம்பியாரூரரை, நரசிங்கமுனையரையர் என்னும் சிற்றரசர் அரண்மனையில் வளர்த்தார். புத்தூரில் நடைபெறவிருந்த மணத்தை முதிய வேதியர் ஒருவர் ஓலை காட்டித் தடுத்தபோது, மணமகனார் அவரைப் பித்தர் என ஏசினார். வந்தவர் இறைவரே எனத் திருவெண்ணெய்நல்லூரில் தெளிந்தபின், அவ்வசைச்சொல்லே அவரது முதற் பதிகத்தின் முதற்சொல்லாயிற்று. வன்றொண்டர் என்னும் பெயரும் அவ்வழக்கினால் வந்ததே.

திருவாரூரிலே பரவையாரை மணந்தார். பின்னர்த் திருவொற்றியூரிலே, பிரியேன் எனச் சூளுரைத்துச் சங்கிலியாரையும் மணந்தார். சூளுறும் வேளையில் இறைவரைக் கோயிலைவிட்டு மகிழமரத்தடிக்குப் போயிருக்கும்படி அவர் முன்னரே வேண்டிக்கொண்டதும், இறைவரோ அம்மரத்தடியிலேயே சத்தியம் வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்தியதும் மாணாக்கர் எக்காலத்தும் சிரித்து மகிழும் பகுதியாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பெரியபுராணம் பாடிய சேக்கிழார், தாம் போற்றும் அடியவரின் இப்பிழையை மறைத்தாரல்லர்.

திருவாரூர் நினைவு மேலிட, சூளுறவை மீறி ஒற்றியூரெல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன. இங்கேதான் யாம் நெடுநேரம் நின்றோம். பிழை தமது என்பதை நாயனார் மறுத்தாரல்லர். ஆயினும் வாய்மூடியும் இருந்தாரல்லர். வழித்துணைவர் வழிகாட்ட, கோயில்தோறும் சென்று முறையிட்டார். திருவெண்பாக்கத்திலே, உள்ளே இருக்கின்றீரோ என்று இறைவரையே கேட்டார். இருப்பதாகவும், அவர் செல்லலாமென்றும் அயலார் மொழிவதுபோல் விடை வந்தது. கையிற் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். கண் கேட்டவருக்குக் கோல்! (அப்பழைய கோயிலின் இடம் பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தமையால், கோயில் இப்போது வேறிடத்தில் உள்ளது.)

அக்கோலை ஊன்றியே அவர் நடந்தார். காஞ்சியிலே இடக்கண் ஒளி பெற்றது. பாதியே கிடைத்ததென்று நன்றியோடு அடங்கினாரோ எனின், இல்லை. திருவாரூர் சேர்ந்து பாடிய பதிகத்திலே அவர் சினம் முன்னையினும் மிகுந்தது. வேறு புகலிடம் நாடாத அடியவர் வாட, ஆண்டவர் பேசாதிருப்பது முறையோ என்பது அதன் பொருள். ஏழாந் திருமுறையின் நூறு பதிகங்களுள் இத்துணைக் கடுமையானது வேறில்லை என்பது எமது எண்ணம். அதனை நம்மவர் திருமுறையினின்று நீக்கவில்லை, இறைவரும் முனியவில்லை. வலக்கண் அங்கே மீண்டது.

பிற்காலத்திலே சேரமான் பெருமாளுடன் இராமேச்சுரம் சென்றபோது, கடலுக்கு இப்பாலுள்ள நம் திருக்கேதீச்சரத்தையும் அங்கிருந்தே பாடினார் என்பர். பின் திருவஞ்சைக்களத்திலிருந்து கயிலை சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு என்பது மரபு.

வரலாறு முடிந்தது. அம்மாணாக்கன் மீண்டும் எழுந்தான். நாயனாருக்குப் போன கண் திரும்பியது, மண்ணுள் போனவர் திரும்புவரோ என்றான். இம்முறை அவனை அமர்த்த ஒருவரும் முயன்றாரில்லை. எம்மிடத்தும் விடை இருக்கவில்லை. அதனையும் கோயிலிற் போய் அவரிடமே கேள் என்று மட்டும் சொன்னோம்.