ஒரு வரிசையில் தொடங்கிய ராமென்

ஜப்பான்ல ஊர் சுத்துறவங்க புது ராமென் கடை கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வாசல்ல வரிசை நின்னா அங்க ஏதோ விஷயம் இருக்குன்னு அர்த்தம். அப்படி ஒரு வரிசையைப் பார்த்துட்டு, பத்து வருஷத்துக்கு மேல மறக்காம இருந்த ஒருத்தரோட கதை இது. நம்ம ஹாஸ்டல்ல ராத்திரி 2 மணிக்கு கெட்டில்ல தண்ணி கொதிக்குதுன்னா, அதுக்கும் அவர்தான் காரணம். பேரு மொமோஃபுகு ஆண்டோ.

1910-ல், அப்போ ஜப்பான் ஆட்சியில் இருந்த தைவானில் பிறந்தார். அப்பா அம்மா சின்ன வயசுலயே இறந்துட்டாங்க. துணிக்கடை வச்சிருந்த தாத்தாதான் வளர்த்தார். 22 வயசுல சொந்தமா துணி வியாபாரம் ஆரம்பிச்சு, பிறகு ஒசாகாவுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் எல்லாம் எரிஞ்சு போச்சு.

போர் முடிஞ்ச சமயம் ஊரே பசியில் இருந்தது. ஒரு குளிர் ராத்திரி, ஒசாகாவின் உமேதா ரயில் நிலையம் பக்கம் நடந்து போனப்போ ஒரு காட்சியைப் பார்த்தார். ஆவி பறக்கிற ஒரு ராமென் தள்ளுவண்டி. அதுக்கு முன்னாடி குளிர்ல நடுங்கிட்டே நீளமா ஒரு வரிசை. ஒரு கிண்ணம் சூடான ராமெனுக்கு மக்கள் இவ்வளவு நேரம் நிப்பாங்கன்னா, அதுல ஏதோ பெரிய தேவை இருக்குன்னு அவருக்குப் பட்டது.

ஆனா உடனே எதுவும் நடக்கல. நடுவுல வரி வழக்குல சிறைக்குப் போனார். வெளிய வந்து ஒரு கடன் சங்கத்துக்குத் தலைவரானார்; 1957-ல் அதுவும் திவாலாச்சு. வயசு 47. மிச்சம் இருந்தது இகெடாவில் இருந்த வீடு மட்டும்தான்.

அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன ஷெட் போட்டார். வெந்நீர் ஊத்தினா உடனே ரெடியாகணும், மாசக்கணக்கில் கெடக்கூடாது. இதுதான் அவரோட ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட். ஒரு வருஷம் தினமும் நாலு மணி நேரத் தூக்கம்தான். நூடுல்ஸை எப்படி உலர்த்துறதுங்கிற இடத்துல மாட்டிக்கிட்டார். விடை கிடைச்சது சமையலறையில்! மனைவி மசாகோ டெம்புரா பொரிக்கும்போது, மாவில் இருக்கிற தண்ணி எண்ணெயில் குமிழ் குமிழா வெளியேறுறதைப் பார்த்தார். நூடுல்ஸையும் அப்படியே பொரிச்சா தண்ணி ஆவியாகிப் போகும், போன இடத்துல நுண்ணிய துளைகள் இருக்கும். பிறகு வெந்நீர் ஊத்தினா அதே துளை வழியா உள்ள புகுந்து நூடுல்ஸ் பழையபடி மென்மையாகிடும். அவ்வளவுதான் டெக்னாலஜி.

1958 ஆகஸ்ட் 25-ல் சிக்கன் ராமென் விற்பனைக்கு வந்தது. விலை 35 யென். கடையில் புதுசா செஞ்ச உடோன் நூடுல்ஸே 6 யென்னுக்குக் கிடைச்ச காலம் அது. விலை அதிகம்னு மொத்த வியாபாரிகள் தயங்கினாங்க. சாப்பிட்டுப் பார்த்தவங்க தயங்கல.

1966-ல் அமெரிக்கா போனப்போ மறுபடியும் வேடிக்கை பார்த்தார். அங்க ராமென் கிண்ணம் கிடையாது. நூடுல்ஸை ரெண்டா உடைச்சு, பேப்பர் கப்புல போட்டு, வெந்நீர் ஊத்தி, ஃபோர்க்கால சாப்பிட்டாங்க. 1971-ல் கப் நூடுல்ஸ் பிறந்தது இப்படித்தான். தொழிற்சாலையில் ஒரு சிக்கல்: கப்புக்குள்ள நூடுல்ஸைப் போட்டா சாய்ஞ்சு கவிழ்ந்தது. படுக்கையில் கிடந்து யோசிச்சவர் தலைகீழா மாத்தினார். நூடுல்ஸ் மேல கப்பைக் கவிழ்த்தாங்க, சரியாப் பொருந்திடுச்சு.

100 யென் கொடுத்து யார் வாங்குவாங்கன்னு கடைக்காரங்க ஒதுங்கினப்போ, டோக்கியோவின் கின்சா தெருவுக்கே கொண்டு போனார். கார் நிறுத்தப்பட்டு, மக்கள் நடந்து திரியுற நாள் அது. இளைஞர்கள் நடந்துகிட்டே சாப்பிட்டாங்க. ஒரே நாளில் சுமார் 20,000 கப் தீர்ந்துபோச்சு. ஊர் சுத்துறவங்க ராமென் கடையைத் தேடின காலம் போய், கடையே அவங்க கைக்கு வந்துடுச்சு.

2005-ல் அவரோட ராமென் விண்வெளிக்கும் போனது. 2007 ஜனவரியில், 96 வயசுல ஆண்டோ காலமானார். இன்னைக்கு உலகம் ஒரு வருஷத்துக்கு 10,000 கோடிக்கும் மேல இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் சாப்பிடுது.

48 வயசுல ஜெயிச்சார்ங்கிறது மட்டும் இந்தக் கதை இல்லை. தள்ளுவண்டி, டெம்புரா சட்டி, பேப்பர் கப் எல்லாமே அடுத்தவங்க கண்ணுக்கும் தெரிஞ்சதுதான். அவர் நின்னு பார்த்தார். அடுத்த தடவை ஒரு கடை முன்னாடி வரிசை நின்னா, சாப்பிடுறதோட விட்டுடாதீங்க. ஏன் நிக்கிறாங்கன்னும் கொஞ்சம் யோசிங்க.