ஜார்ஜ் லிங்கன் ராக்வெல்

ஜார்ஜ் லிங்கன் ராக்வெல் (மார்ச் 9, 1918 - ஆகஸ்ட் 25, 1967) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தீவிர வலதுசாரி அரசியல்வாதி. அமெரிக்க நாட்சிக் கட்சியின் நிறுவனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானியாகப் பணியாற்றிய இவர், போர் முடிந்து பதினான்கு ஆண்டுகளுக்குள் ஹிட்லரின் கொள்கையை அமெரிக்க மண்ணில் வெளிப்படையாகப் பரப்பும் இயக்கத்தைத் தொடங்கினார். போருக்குப் பின்னர் தோன்றிய இத்தகைய இயக்கங்கள் புது நாட்சியம் என அழைக்கப்படுகின்றன.

ராக்வெலின் கட்சியில் முனைப்புடன் செயல்பட்டோரின் எண்ணிக்கை எக்காலத்திலும் சில நூறைத் தாண்டியதில்லை. எனினும் கருத்துச் சுதந்திரத்தின் எல்லை எது, வெறுப்புப் பரப்புரையைப் பொதுமக்கள் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்னும் இரு கேள்விகளையும் இவரது வாழ்க்கை கூர்மையாக எழுப்பியது.

இளமைக் காலம்

ராக்வெல் இலினாய் மாநிலத்தின் புளூமிங்டன் நகரில் பிறந்தார். இவரது பெற்றோர் இருவரும் மேடைக் கலைஞர்கள். தந்தை புகழ் பெற்ற நகைச்சுவை நடிகர். அவருடைய நண்பர்களுள் யூதக் கலைஞர்களும் இருந்தனர். பெற்றோர் மணமுறிவு பெற்றதால், சிறுவயதில் மெய்ன் மாநிலத்தில் தந்தையிடமும் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் தாயிடமும் மாறி மாறி வளர்ந்தார்.

1938 இல் ராக்வெல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு மாணவர் நகைச்சுவை இதழுக்குக் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். படிப்பை முடிக்காமலே கடற்படையில் சேர்ந்து விமானியானார். போருக்குப் பின் நியூயார்க்கின் பிராட் கலைக் கல்லூரியில் பயின்றபோது, புற்றுநோய் விழிப்புணர்வுக்காக வரைந்த விளம்பரப் படத்திற்கு 1948 இல் 1,000 டாலர் பரிசு பெற்றார். விளம்பரக் கலையில் பெற்ற இப்பயிற்சி பின்னாளில் அவரது அரசியலுக்குப் பெரிதும் பயன்பட்டது.

நாட்சியத்தை ஏற்றல்

கொரியப் போரின் காரணமாக 1950 இல் ராக்வெல் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டு, கலிபோர்னியாவின் சான் டியாகோ நகருக்கு அனுப்பப்பட்டார். யூத எதிர்ப்பாளரான ஜெரால்டு ஸ்மித்தின் பரப்புரையும் ஹிட்லரின் எனது போராட்டம் என்னும் நூலும் இவரை ஈர்த்தது அங்குதான். பின்னர் ஐஸ்லாந்தின் கெப்லாவிக் தளத்தில் பணிபுரிந்தபோது அந்நாட்டுப் பெண்ணொருவரை இரண்டாம் மணம் செய்துகொண்டார். தேனிலவின்போது ஹிட்லரின் மலை வாசத்தலம் இருந்த பெர்க்டெஸ்காடனுக்குச் சென்றுவந்தார்.

1955 இல் படைவீரர்களின் மனைவியருக்காக ஒரு மாத இதழைத் தொடங்கினார். அம்முயற்சி நிலைக்கவில்லை. 1958 கோடையில் வாஷிங்டனில் வெள்ளை மாளிகை முன் யூத எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் நடத்தினார். அவ்வாண்டு அக்டோபரில் அட்லாண்டா நகரின் யூத வழிபாட்டிடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபோது செய்தித்தாள்களில் இவரது பெயரும் அடிபட்டது. இதன் பிறகு அவருடைய குடும்ப வாழ்வு சிதைந்தது. மனைவி குழந்தைகளுடன் ஐஸ்லாந்து திரும்பினார்.

அமெரிக்க நாட்சிக் கட்சி

1959 மார்ச் மாதம் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் ராக்வெல் தம் இயக்கத்தை நிறுவினார். சில மாதங்களில் அது அமெரிக்க நாட்சிக் கட்சி எனப் பெயர் மாற்றம் பெற்றது. உறுப்பினர்கள் காக்கிச் சீருடையும் சுவஸ்திகா பொறித்த கைப்பட்டையும் அணிந்து, கட்சி இல்லத்தில் வறுமையில் ஒன்றாக வாழ்ந்தனர். 1960 இல் கடற்படை இவரைத் தன் சேமப் படையிலிருந்து விடுவித்தது.

கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப வேண்டும், துரோகிகள் எனத் தாம் கருதும் யூதர்களுக்கு மரண தண்டனை அளிக்க வேண்டும் என்பன கட்சியின் கொள்கைகள். ஏறத்தாழ அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பெரும் இன அழிப்பு நடக்கவே இல்லை என்றும் ராக்வெல் வாதிட்டார். அமெரிக்காவில் இந்த மறுப்பை முதன்முதலில் பரப்பியோருள் இவரும் ஒருவர்.

கட்சிக்குப் பணமோ பெருந்திரளான ஆதரவோ இல்லை. ஆகவே செய்தித்தாள்களைத் தம் பக்கம் திருப்புவதையே ராக்வெல் முதன்மை உத்தியாகக் கொண்டார். சீருடையில் பொதுவிடத்தில் தோன்றினால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் கைகலப்பு நிகழும். கைகலப்பு மறுநாள் செய்தியாகும். செய்தியைக் கண்டு சிலர் நன்கொடை அனுப்புவர். ஓரிருவர் கட்சியில் சேர்வர் என்பது அவரது கணக்கு.

1961 மே மாதம், பேருந்துகளில் இன ஒதுக்கலை எதிர்த்துத் தென் மாநிலங்களில் பயணம் செய்த விடுதலைப் பயணிகளுக்குப் போட்டியாக, வெறுப்புப் பேருந்து என்று பெயரிட்ட வண்டியில் நியூ ஆர்லியன்ஸ் வரை சென்று கைதானார். அதே ஆண்டு ஜூன் மாதம், கறுப்பினத்தவரின் தனி நாட்டை வலியுறுத்திய இஸ்லாம் தேசம் இயக்கத்தின் வாஷிங்டன் கூட்டத்தில் சீருடை அணிந்த தம் ஆட்களுடன் அமர்ந்திருந்தார். இன ஒருமைப்பாட்டை இரு இயக்கங்களும் எதிர்த்தமையே இவ்வியப்பூட்டும் சந்திப்புக்குக் காரணம். 1962 இல் தடையை மீறி இங்கிலாந்துக்குள் நுழைந்து, காலின் ஜோர்டனுடன் சேர்ந்து நாட்சியர்களின் உலக ஒன்றியத்தை உருவாக்கினார். பிரித்தானிய அரசு அவரை நாடு கடத்தியது.

பொதுமக்கள் எதிர்ப்பு

ராக்வெலை எதிர்த்தோர் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. அவர்களிடையே மூன்று அணுகுமுறைகள் காணப்பட்டன.

முதலாவது, நேரடி எதிர்ப்பு. யூதப் போர்வீரர் சங்கத்தினரும், வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களும் சுவஸ்திகாவைத் தெருவில் கண்டு வாளாவிருக்க இயலாது என்றனர். 1960 ஜூலையில் வாஷிங்டன் நகரின் பொதுத்திடலில் அவர் நடத்திய கூட்டம் பெருங் கைகலப்பில் முடிந்தது. 1961 ஜனவரியில், இஸ்ரேல் நாட்டின் தோற்றத்தைக் கூறும் எக்சோடஸ் திரைப்படத்தை எதிர்த்து அவர் பாஸ்டன் சென்றபோது, ஏறத்தாழ 2,000 பேர் திரண்டு அவர்மீது முட்டைகளை வீசினர். காவல்துறையினர் அவரை மீட்டுச் சென்றனர். இம்மோதல்கள் எதிர்ப்பாளர்களின் சினத்தை வெளிப்படுத்தின. ஆயினும் ராக்வெல் நாடிய விளம்பரத்தையும் அவருக்கு அளித்தன.

இரண்டாவது, ஒதுக்கிவைத்தல். அமெரிக்க யூதக் குழுவைச் சேர்ந்த சமயகுரு சாலமன் பைன்பர்க் இம்முறையை 1940களின் பிற்பகுதியில் ஜெரால்டு ஸ்மித்துக்கு எதிராக வகுத்திருந்தார். எதிர்க்கூட்டம் கூட்டாமல் விலகி நிற்பதும், வெறும் பரபரப்புக்காகச் செய்யப்படும் நிகழ்ச்சிகளுக்கு இடமளிக்க வேண்டாம் எனச் செய்தித்தாள் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வதும், இன வெறுப்பைப் பற்றி மக்களுக்குத் தொடர்ந்து கல்வி புகட்டுவதும் இதன் கூறுகள். வெறும் மௌனம் கோழைத்தனமாகும், ஜெர்மனியிலும் தொடக்கத்தில் பலர் இவ்வாறே அலட்சியமாக இருந்தனர் என எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். எனினும் இம்முறை கடைப்பிடிக்கப்பட்ட ஊர்களில் ராக்வெலின் கூட்டங்கள் கவனிப்பாரற்றுப் போயின. அடியையும் சிறையையும் பொருட்படுத்தாத ராக்வெல், இந்தப் புறக்கணிப்பைக் கண்டு புலம்பினார் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது, சட்டவழித் தடை. 1960 இல் நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் பேச அவர் கேட்ட அனுமதியை நகர நிர்வாகம் மறுத்தது. வழக்கு விசாரணையின்போது நீதிமன்ற வளாகத்திலேயே சினமுற்ற கூட்டம் அவரைச் சூழ்ந்து தாக்கியது. அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் அவரது கருத்தை வெறுத்தபோதிலும் அவரது பேச்சுரிமைக்காக வாதாடியது. ஒருவர் என்ன பேசுவார், அதனால் கேட்போர் எவ்வாறு கொதிப்பர் என்னும் முன்னூகத்தை மட்டும் கொண்டு அனுமதி மறுக்கலாகாது என 1961 இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிற்காலம்

1965 இல் வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் ராக்வெல் போட்டியிட்டு 5,730 வாக்குகள் மட்டுமே பெற்றார். இது பதிவான வாக்குகளில் ஏறத்தாழ 1 விழுக்காடு. மேடையில் திரண்ட கூட்டம் வாக்காக மாறவில்லை. 1966 ஏப்ரலில் பிளேபாய் இதழில் இவரது நேர்காணல் வெளிவந்தது. நேர்காணல் செய்தவர் கறுப்பின எழுத்தாளரான அலெக்ஸ் ஹேலி. அவர் யூதர் அல்லர் என உறுதிசெய்துகொண்ட ராக்வெல், கறுப்பினத்தவரா எனக் கேட்கவில்லை. உரையாடல் முழுவதும் கைத்துப்பாக்கியொன்றை அருகில் வைத்திருந்தார். பின்னாளில் ரூட்ஸ் தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பகுதியில் (1979) இக்காட்சி இடம்பெற்றது. அதில் ராக்வெலாக நடித்த மார்லன் பிராண்டோவுக்கு எம்மி விருது கிடைத்தது.

1966 ஆகஸ்டில் சிகாகோவில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுவசதி உரிமைப் போராட்டம் நடைபெற்றபோது, வெள்ளையர் குடியிருப்புகளில் நிலவிய சினத்தை ராக்வெல் பயன்படுத்திக்கொண்டார். அங்கு கிடைத்த வரவேற்பைக் கண்டு, 1967 ஜனவரியில் கட்சியின் பெயரைத் தேசிய சோசலிச வெள்ளையர் கட்சி என மாற்றினார்.

கொலையும் இறுதிச் சடங்கும்

1967 ஆகஸ்ட் 25 அன்று, ஆர்லிங்டனில் துணி துவைக்கும் கடையிலிருந்து காரில் புறப்பட்ட ராக்வெல், கூரைமேலிருந்து சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 49. கொலையாளி அவருடைய எதிரிகளுள் ஒருவர் அல்லர். அவ்வாண்டில் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஜான் பாட்லர் என்பவரே சுட்டவர். கட்சி இதழின் ஆசிரியராகவும் கேலிச்சித்திரக்காரராகவும் இருந்த பாட்லருக்கு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

முன்னாள் படைவீரர் என்ற முறையில் கல்பெப்பர் தேசிய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட ராக்வெலுக்கு உரிமை இருந்தது. நாட்சிச் சின்னங்கள் கூடாது என்ற நிபந்தனையை ஆதரவாளர்கள் ஏற்கவில்லை. நாட்சியத்தை எதிர்த்துப் போரிட்ட வீரர்களின் கல்லறைகளிடையே சுவஸ்திகாவுக்கு இடமில்லை என்பதில் இராணுவமும் உறுதியாக நின்றது. பல மணி நேர இழுபறிக்குப் பின் உடல் ஆர்லிங்டனுக்குத் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டு எரியூட்டப்பட்டது.

தாக்கம்

ராக்வெலுக்குப் பின் மாட் கோல் கட்சிக்குத் தலைமையேற்றார். கட்சி விரைவில் பல துண்டுகளாகப் பிளவுண்டது. பிரிந்து சென்ற பிராங்க் கொலின் என்பவரின் குழு, 1977 இல், இன அழிப்பிலிருந்து தப்பியோர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த ஸ்கோக்கி என்னும் ஊரில் ஊர்வலம் செல்ல முற்பட்டது. இவ்வழக்கிலும் குடியுரிமைகள் ஒன்றியம் பேச்சுரிமையின் பக்கம் நின்றது. அதனால் பல உறுப்பினர்களை இழந்தது. அனுமதி கிடைத்த பின்னும் ஊர்வலம் ஸ்கோக்கியில் நடைபெறவில்லை. ஆனால் அதுவரை தங்கள் துயரத்தை வெளியே பேசாதிருந்த பலர் பொதுவெளியில் பேசத் தொடங்கினர். அதே ஊரில் 2009 இல் இன அழிப்பு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

மறுபுறம், ராக்வெலின் தத்துவ இதழைத் தொகுத்த வில்லியம் பியர்ஸ் பின்னாளில் எழுதிய புதினம், 1995 ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பில் 168 பேரைக் கொன்ற திமோத்தி மெக்வேயால் விரும்பிப் படிக்கப்பட்டது. தேர்தலில் 1 விழுக்காடு வாக்கு மட்டுமே பெற்ற ஓர் இயக்கத்தின் கருத்துகள், அதன் நிறுவனர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் உயிர்களைப் பறிக்க இயலும் என்பதற்கு இது ஒரு சான்றாகும்.